லூபஸுக்கு ஆஃப் லேபிள் மருந்துகள்: பக்கவிளைவும் பில்லும் யார் தலையில்?

வைகைக்கரை_செல்வி

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கைக்கு லூபஸ், எதிர்ப்பு சக்தியே சொந்த உடம்பைத் தாக்குகிற நோய். கிட்னி பயாப்ஸியில் கிளாஸ் 4 நெஃப்ரைட்டிஸ் (சிறுநீரக அழற்சி) என்று வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்டீராய்டு ட்ரிப்ஸ் ஏற்றி, வீட்டுக்கு அனுப்பும்போது மைகோபினோலேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதன் பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்துப் படித்தால் சிறுநீரகம், இதயம், கல்லீரல் மாற்று அறுவை செய்தவர்களுக்கான மருந்து என்று இருக்கிறது. லூபஸ் என்ற பேச்சே இல்லை. இப்படி லேபிளில் அனுமதி இல்லாத நோய்க்கு ஒரு மருந்தைக் கொடுப்பதைத்தான் ஆஃப் லேபிள் என்கிறார்களாம். டாக்டரிடம் கேட்டதற்கு, "உலகம் முழுக்க இதைத்தான் கொடுக்கிறோம்மா, பயப்படாதீங்க" என்றார். அவர் சொன்னதை நம்புகிறேன். ஆனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் நம்பவில்லை. டிஸ்சார்ஜுக்குப் பிறகு வாங்கிய மருந்துகளுக்கான பில்லில் இந்த மாத்திரையை மட்டும் வெட்டிவிட்டு, "அனுமதிக்கப்பட்ட நோய்க்கான பயன்பாடு அல்ல" என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டு விஷயம் தெரியவேண்டும். லூபஸுக்கு என்று அனுமதி இல்லாத மருந்தின் பக்கவிளைவை யார் கவனித்துப் பதிவு செய்கிறார்கள்? இந்தச் செலவை எல்லாம் நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? தங்கைக்கு 24 வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

சிவா_திருச்சி

செல்வி, முதலில் பயத்தை விடுங்கள். இந்த இழையைப் படிக்கிற லூபஸ்காரர்களில் பாதிப் பேராவது ஆஃப் லேபிள் மருந்து ஒன்றைத் தின்றுகொண்டுதான் இருப்பார்கள். அசதயோப்ரின், மெத்தோட்ரெக்ஸேட், சைக்ளோபாஸ்பமைடு, ரிடுக்ஸிமாப், டாக்ரோலிமஸ் எல்லாமே வேறு நோய்க்கென்று வந்தவை. ஒன்று மாற்று அறுவைக்கு, ஒன்று முடக்குவாதத்துக்கு, ஒன்று புற்றுநோய்க்கு.

நமக்கென்று அனுமதி பெற்றவை சொற்பம். அமெரிக்கக் கணக்கை எடுத்துக்கொண்டால் ஸ்டீராய்டு, ஆஸ்பிரின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். கடைசியாகச் சொன்னதற்கு 1955இல் அனுமதி கிடைத்தது. அதற்கு அடுத்தது 2011இல் வந்த பெலிமுமாப். நடுவே அரை நூற்றாண்டுக்கு மேல் ஒன்றுமே இல்லை. வோக்லோஸ்போரினும் அனிஃப்ரோலுமாபும் 2021இல்தான் வந்தன. அந்த நீண்ட இடைவெளியில் டாக்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? கையில் கிடைத்ததை எடுத்துப் போராடினார்கள்.

மைகோபினோலேட்டின் கதை கொஞ்சம் எரிச்சலூட்டுவது. ஆல்ம்ஸ் என்று ஒரு பெரிய ஆய்வு, 370 பேர், 2009இல் முடிவு வெளியானது. சைக்ளோபாஸ்பமைடை விட இது மேல் என்று நிரூபிப்பதற்காகவே வடிவமைத்த ஆய்வு அது. 56 சதவீதம் பேருக்கு இதில் பலன், 53 சதவீதம் பேருக்கு அதில் பலன். ஏறக்குறைய சமம். நோயாளிக்கு இது நல்ல செய்தி, ஊசிக்குப் பதில் மாத்திரையே போதும். ஆனால் எதிர்பார்த்த "மேல்" வரவில்லை என்பதால் ஆய்வுக் கணக்கில் அது தோல்வி. 2011இல் அதே ஆய்வின் இரண்டாம் பகுதி வந்தது. நோயை அடக்கிவைப்பதில் அசதயோப்ரினை விட இது தெளிவாகவே மேல் என்று காட்டியது. அதற்குள் மருந்தின் காப்புரிமை முடிந்து ஜெனரிக் வந்தாயிற்று. இனி லேபிளில் ஒரு வரி சேர்ப்பதற்காக யார் காசைக் கொட்டுவார்கள்? உங்கள் தங்கையின் பில்லை வெட்டிய அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான். மருந்து வேலை செய்யாது என்று யாரும் சொல்லவில்லை.

மருந்துக்கடை_முருகேசன்

30 வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். சிவா தம்பி சொன்னது சரி, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். லேபிளில் வரி இல்லையென்றால் எச்சரிக்கையும் நம் ஆட்களுக்காக எழுதப்படுவதில்லை. தாள் பேசுவது மாற்று அறுவை செய்தவரிடம். வாங்கிப்போவது கல்யாணம் ஆகாத பெண். அவளுக்கு முக்கியமான விஷயம் பொடி எழுத்தில் எங்கோ கிடக்கும்.

அதனால் செல்வி, இதைத் தங்கையிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். மைகோபினோலேட் எடுக்கும்போது கர்ப்பம் கூடாது. கருச்சிதைவும், குழந்தைக்குக் காது, உதட்டுக் குறைபாடுகளும் வரக்கூடும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். கருத்தரிக்கத் திட்டமிட்டால் குறைந்தது 6 வாரம் முன்பே நிறுத்தி, டாக்டர் அசதயோப்ரினுக்கு மாற்றுவார். கர்ப்ப காலத்தில் அசதயோப்ரினைத் தொடரலாம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினையும் நிறுத்தவேண்டியதில்லை, சொல்லப்போனால் நிறுத்தினால்தான் ஆபத்து. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் கல்யாணத்துக்கு முன் மருந்தை எல்லாம் நிறுத்தச் சொல்வார்கள். அப்படி நிறுத்தி, நோய் திரும்பக் கிளம்பி, கடைசியில் டயாலிசிஸில் போய் நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது வாரம் ஒரு நாள் மட்டும். தினமும் போட்டு ரத்த அணுக்கள் விழுந்து உயிர் போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. அட்டையின் மேல் கிழமையை எழுதி வையுங்கள். ஃபோலிக் ஆசிட் எந்த நாள் போடவேண்டும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நிலா_கோவை

நான் சைக்ளோபாஸ்பமைடு பார்ட்டி. எனக்கு நோய் கண்டுபிடித்தபோது வீட்டில் காசு இல்லை. மைகோபினோலேட் மாதாமாதம் ஆயிரக்கணக்கில் ஆகும். சைக்ளோபாஸ்பமைடு ஊசியின் விலையோ சில நூறு. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அதனால் அதுதான் என்று முடிவானது.

ஊசி மலிவு என்பது மருந்துக்கடை பில்லில் மட்டும்தான். என் கணக்கு வேறு. ஒவ்வொரு முறையும் அப்பாவுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். வாந்திக்கு மருந்து. சிறுநீர்ப்பையில் ரத்தம் வராமல் இருக்க மெஸ்னா, லிட்டர் கணக்கில் தண்ணீர். ஒருமுறை வெள்ளணு இறங்கி, காய்ச்சல் வந்து, தனி அறையில் வைத்திருந்தார்கள். அந்த ஒரு பில் அதுவரை போட்ட ஊசிகளின் மொத்த விலையைத் தாண்டிவிட்டது. முடி கொட்டியது, திரும்பி வந்தது. மாதவிடாய் நின்றது, அது மட்டும் திரும்பவில்லை.

சினைப்பையைக் காப்பாற்ற மாதம் ஒரு ஹார்மோன் ஊசி போடலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. 2020இல் வந்த அமெரிக்க ருமட்டாலஜி வழிகாட்டியிலும் அது இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அந்த ஊசியும் இதற்கு ஆஃப் லேபிள்தான், விலையும் ஆயிரங்களில். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அப்போது வாங்கியிருப்போமா தெரியாது. ஆனால் சொல்லியிருக்க வேண்டும்.

சிவா_திருச்சி

நிலா அக்கா, வருத்தமாக இருக்கிறது. இப்போது பெரும்பாலும் குறைந்த அளவு முறைதான் என்பதை மட்டும் புதிதாக வருபவர்களுக்காகச் சேர்க்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம், ஆறு தடவை, மொத்தம் 3 கிராம். பழைய மாதாந்திர முறையில் உடம்பில் ஏறியது இதைப்போல இரண்டு மூன்று மடங்கு. இந்த அளவில் சினைப்பைப் பாதிப்பு ரொம்பக் குறைவு.

இந்தியாவிலேயே செய்த ஆய்வு ஒன்றும் உண்டு. சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையில் 100 பேர், பாதிப் பேருக்குக் குறைந்த அளவு சைக்ளோபாஸ்பமைடு, பாதிப் பேருக்கு மைகோபினோலேட். 2016இல் வெளியானது. இரு பக்கமும் 74 சதவீதம் பேருக்குப் பலன். வயிற்றுத் தொந்தரவு மட்டும் மைகோபினோலேட்டில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, மற்றதில் 4 சதவீதம். (அந்த ஆய்வில் நோய் மிகத் தீவிரமாக இருந்தவர்களைச் சேர்க்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.) ஆக, மலிவானது என்றால் மட்டம் என்று நினைக்கவேண்டாம்.

இயற்கைவழி

இவ்வளவு விஷத்தையும் ஏன் உடம்பில் ஏற்றவேண்டும்? சீந்தில் கொடி கஷாயம், அமுக்கரா சூரணம் இரண்டும் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும். பக்கவிளைவு கிடையாது, செலவும் இல்லை. என் சித்தப்பா மகளுக்கு மூட்டுவலி இதில்தான் குணமானது.

மருந்துக்கடை_முருகேசன்

ஐயா, லூபஸ் என்பதே எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பைத் தாக்குகிற நோய். அதை இன்னும் கூட்டி என்ன செய்யப்போகிறோம்? சீந்திலுக்குப் பக்கவிளைவு இல்லை என்பதும் சரியில்லை. கொரோனா சமயத்தில் அதைக் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஏற்கெனவே ஆட்டோ இம்யூன் குணம் உள்ளவர்களிடம் அது கல்லீரல் அழற்சியைக் கிளப்பிவிடுகிறது என்பதுதான் அவர்கள் சந்தேகம். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கிளாஸ் 4 நெஃப்ரைட்டிஸ் உள்ள பெண்ணுக்கு இணையத்தில் கஷாயம் சொல்லாதீர்கள்.

கணக்கன்_72

நான் ஓய்வுபெற்ற ஆடிட்டர். மனைவிக்கு 20 வருடத்துக்கு மேலாக லூபஸ். எல்லாரும் லேபிளில் இல்லாத மருந்தையே குறை சொல்கிறீர்கள். என் வீட்டுக் கணக்கில் அதிகம் செலவு வைத்தது லேபிளில் உள்ள மருந்துதான்.

ஸ்டீராய்டு. ஒரு அட்டை டீ செலவுக்குள் முடிந்துவிடும். அதில் வருடக்கணக்கில் ஓட்டினோம். முதலில் சர்க்கரை வந்தது. அதற்கு மாத்திரை, பிறகு இன்சுலின். பிறகு கண்புரை. பிறகு இடுப்பு எலும்புக்கு ரத்தம் போகாமல் பந்துமுனை செத்துப்போனது. ஏவிஎன் என்பார்கள். இரண்டு பக்கமும் மாற்று அறுவை. அத்தனையும் கூட்டினால் ஸ்டீராய்டை விட விலை கூடிய மருந்து உலகத்தில் இல்லை.

அசதயோப்ரின் ஆரம்பித்த பிறகுதான் ஸ்டீராய்டு அளவைக் குறைக்க முடிந்தது. அது ஆஃப் லேபிள். ஆகவே "லேபிளில் இருக்கிறதா" என்பதை நான் கேட்பதில்லை. "இதனால் ஸ்டீராய்டு எவ்வளவு குறையும்" என்று கேட்கிறேன். இப்போதைய ஐரோப்பிய வழிகாட்டி, 2023இல் வந்தது, தொடர்ந்து எடுக்கும் ஸ்டீராய்டை நாளுக்கு 5 மில்லிகிராமோ அதற்குக் கீழோ கொண்டுவரச் சொல்கிறது. முடிந்தால் நிறுத்தவே சொல்கிறது. அதைச் செய்ய ஆஃப் லேபிள் மருந்துகள் இல்லாமல் வழியில்லை.

செல்வி அம்மாவுக்கு ஒரு யோசனை. மாத்திரை விலையை மட்டும் எழுதாமல் பரிசோதனை, போக்குவரத்து, விடுப்பு, பக்கவிளைவுக்கான மருந்து எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். வரி கட்டுபவராக இருந்தால், குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைச் செலவுக்குக் கிடைக்கும் வருமானவரிச் சலுகையை நம்பாதீர்கள். அதற்கான பட்டியலில் நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு இருக்கிறது, லூபஸ் இல்லை. கிட்னி போன பிறகுதான் வரிச்சலுகை!

வாணி_ஸ்காபரோ

அண்ணை சொன்ன ஸ்டீராய்டுக் கதை எனக்கும் நடந்தது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், இப்போது கனடாவில். இங்கே எல்லாம் இலவசம் என்று ஊரில் நினைக்கிறார்கள். டாக்டரைப் பார்க்கக் காசில்லை, உண்மை. ஆனால் ஒன்டாரியோவில் 25க்கும் 64க்கும் இடைப்பட்ட வயதுக்காரர், வேலையிடத்துக் காப்புறுதி இல்லாவிட்டால், வெளியில் வாங்கும் மருந்துக்குத் தாங்கள்தான் கட்டவேணும். ட்ரில்லியம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. குடும்ப வருமானத்தில் ஏறக்குறைய 4 சதவீதம் நாங்கள் கட்டிய பிறகு மிச்சத்தை அரசு பார்க்கும். லண்டனில் இருக்கிற என் அக்காவுக்கு 2025இல் ஒரு மருந்துக்கு 9 பவுண் 90 பென்ஸ்தான் ஆனது, லேபிள் பற்றி யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் இருப்பவர்கள் பாடுதான் மோசம். அங்கே முதியோருக்கான மெடிகேர் மருந்துத் திட்டம், அனுமதிக்கப்பட்ட பயன்பாடாக இருக்கவேணும், இல்லையென்றால் அவர்கள் ஏற்றுக்கொண்ட மருந்துத் தொகுப்பு நூல்களில் அந்தப் பயன்பாடு இருக்கவேணும் என்கிறது. இரண்டும் இல்லையென்றால் டாக்டர் என்ன எழுதினாலும் பணம் வராது.

அனுமதி கிடைத்த மருந்து என்றால் மட்டும் என்ன வாழ்கிறது? பெலிமுமாப் 2011இல் அமெரிக்காவில் வந்தபோது வருடத்துக்கு ஏறத்தாழ 35,000 டொலர். லேபிள் கிடைத்தால் விலை எட்டாது, விலை எட்டினால் லேபிள் இருக்காது.

இன்னொன்று மறக்கமாட்டேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நல்லது என்று பேச்சுக் கிளம்பியதும் இங்கே பார்மசிகளில் மருந்து இல்லை. எங்களுக்கென்றே அனுமதி பெற்ற மருந்து, வேறு ஆட்களின் ஆஃப் லேபிள் பயன்பாட்டால் எங்களுக்கே கிடைக்கவில்லை.

சிவா_திருச்சி

இங்கேயும் அதே கூத்துதான் வாணி அக்கா. மார்ச் 22 அன்று சுகாதாரப் பணியாளர்கள் தடுப்புக்காகப் போட்டுக்கொள்ளலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் சொன்னது. அடுத்த சில நாளில் ஏற்றுமதித் தடை, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று கட்டுப்பாடு. அதற்குள் தேவையில்லாதவர்கள் எல்லாம் வாங்கிப் பதுக்கிவிட்டார்கள். கடைசியில் கொரோனாவுக்கு அதனால் பலனில்லை என்று ஆய்வுகள் சொல்லிவிட்டன.

தஞ்சை_பிரபா

ரிடுக்ஸிமாப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. அண்ணனுக்கு மற்றதெல்லாம் பலிக்காமல் அதற்குப் போனோம். லூபஸில் அதன் இரண்டு பெரிய ஆய்வுகளும், எக்ஸ்ப்ளோரர், லூனார், இலக்கை எட்டவில்லை. ஆனாலும் வேறு வழியில்லாத நிலையில் கொடுக்கலாம் என்று வழிகாட்டிகள் சொல்கின்றன. அண்ணனுக்கு நன்றாகவே கேட்டது.

போடுவதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம். அடங்கிக் கிடக்கும் கிருமி இந்த மருந்தால் எழுந்து கல்லீரலையே முடித்துவிடக்கூடும். டிபி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். 2006இல் இந்த மருந்து எடுத்த லூபஸ் நோயாளிகள் இருவர் பிஎம்எல் என்ற மூளைத் தொற்றில் இறந்ததாக அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கை விட்டது. மிக அரிது, ஆனால் பேச்சுக் குழறல், ஒருபக்கம் பலவீனம் என்று எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அண்ணனுக்கு வந்தது அடிக்கடி சளித்தொற்று. கிருமியை எதிர்க்கும் புரதமான இம்யூனோகுளோபுலின் அளவு குறைந்திருந்தது.

பணவிஷயத்தில் இந்தியாவில் பிறந்தது ஒரு வகையில் அதிர்ஷ்டம். 2007இலேயே இங்கே உள்நாட்டுத் தயாரிப்பு வந்துவிட்டதால் விலை வெளிநாட்டைப் போல இல்லை. இன்ஷூரன்ஸ் முதலில் "பரிசோதனை நிலைச் சிகிச்சை" என்று மறுத்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இல் போட்ட விதியில், ஊசியாகச் செலுத்தும் மோனோகுளோனல் ஆன்டிபாடி சிகிச்சையை (ரிடுக்ஸிமாப் அந்த வகைதான்) விலக்கக்கூடாது என்று இருந்தது. உச்சவரம்பு வைக்கலாம், அடியோடு மறுக்க முடியாது என்பது அதன் பொருள். அதை மேற்கோள் காட்டி எழுதினோம். முழுப் பணம் வரவில்லை, பெரும்பகுதி வந்தது.

செல்வி, உங்களுடையது மாத்திரை என்பதால் அந்த விதி உதவாது. ஆனால் பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு எத்தனை நாளுக்கு என்று பாருங்கள், பெரும்பாலும் 60 அல்லது 90 நாள் இருக்கும். அந்த வரியில் "லேபிள்" என்ற நிபந்தனை எங்கே இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். பயாப்ஸி கிளாஸ், ஏன் இந்த மருந்து, 2024இல் வந்த, கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக வழிகாட்டியில் இது முதல்நிலைச் சிகிச்சை என்பது, மூன்றும் அதில் இருக்கவேண்டும். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு. ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ மறுத்தாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைகேட்பு அதிகாரி. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது.

வைகைக்கரை_செல்வி

எல்லாருக்கும் நன்றி. நிலா அக்கா எழுதியதைத் தங்கையும் படித்தாள். அடுத்த முறை டாக்டரிடம் குழந்தை பற்றி அவளே கேட்கப்போகிறாளாம். இதுவரை அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

கடிதம் கேட்டிருக்கிறேன். என் முதல் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. பக்கவிளைவை யார் பதிவு செய்கிறார்கள்? இன்னொன்று, மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து வயிற்றுப்போக்கு. வயிற்றுக்கு என்று பான்டோப்ரசோல் போடுகிறாள், நிற்கவில்லை.

மருந்துக்கடை_முருகேசன்

பதிவு செய்ய வழி இருக்கிறது, செய்பவர்தான் இல்லை. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010இல் இருந்து நடக்கிறது. காசியாபாத்தில் தலைமை மையம். மருத்துவக் கல்லூரிகளில் கிளை மையங்கள் உண்டு. 1800 180 3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே சொல்லலாம். எந்த நோய்க்காக எடுத்தீர்கள் என்றும் கேட்பார்கள், லூபஸ் என்று சொல்லுங்கள். நம்மைப் பற்றிய எச்சரிக்கை என்றாவது அச்சாகவேண்டும் என்றால் இப்படித்தான் ஆகும்.

வயிற்றுப்போக்கு இந்த மருந்தில் சகஜம். டாக்டர்கள் பொதுவாக அளவைப் பிரித்துக் கொடுப்பார்கள், மெதுவாகக் கூட்டுவார்கள், அல்லது குடலில் போய்க் கரையும் மைகோபினோலேட் சோடியம் வகைக்கு மாற்றுவார்கள். அதில் 720 மில்லிகிராம், சாதாரண வகையில் 1 கிராமுக்குச் சமம். எண்ணைப் பார்த்து அளவு குறைந்துவிட்டது என்று பயப்படவேண்டாம். பான்டோப்ரசோல் போடுவதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள், சாதாரண வகை மைகோபினோலேட் உடம்பில் சேர்வதை அது குறைக்கும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். காய்ச்சலோ ரத்தப்போக்கோ சேர்ந்து வந்தால் அன்றைக்கே போகவேண்டும்.

நிலா_கோவை

செல்வி, தங்கைக்கு அசதயோப்ரின் மாற்றும் நாள் வந்தால், நட் 15 (NUDT15) என்ற மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேட்கச் சொல்லுங்கள். நம் ஆசியக்காரர்களிடம் அந்த மாறுபாடு கூடுதல், இருந்தால் வெள்ளணு சட்டென்று விழும். பரிசோதனை வசதி இல்லையென்றால் முதல் மாதங்களில் அடிக்கடி சிபிசி என்ற ரத்த அணுப் பரிசோதனை எடுப்பார்கள். ஆரம்பித்த சில வாரத்தில் முடி கொத்தாகக் கொட்டினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே ரத்தம் பார்க்கவேண்டும். டாக்டரிடம் தனியாகப் பேச அவளுக்குக் கூச்சமாக இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். என்னென்ன கேட்கவேண்டும் என்று எழுதித் தருகிறேன்.